‘டெக்கரேட்டர்’ அணியாகுமா? : செயற்கூறும் அதன் பெயரும்

முன்னுரை

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருப்பெரும்புதூர், இராமாநுசர் பிறந்த ஊர் என்னும் சிறப்பினால் நெடுங்காலமாக அறியப்பட்டு வருவது. கடந்த நூற்றாண்டின் இறுதி தொட்டு அவ்வூர்க்கு வேறொரு சிறப்பும் வாய்த்துள்ளது. அதன் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் மகிழுந்து ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசி ஆலை 2006 முதல் 2014 வரை திருப்பெரும்புதூரில் நடைபெற்றது. அடுத்துள்ள ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும், டெய்ம்லர் நிறுவனத்தின் சரக்குந்து ஆலை 2012இலும் தொடங்கப்பெற்றன. உழவு நிலங்களும் ஏரிகளும் சூழ்ந்திருந்த அவ்வட்டாரம் இன்று இந்தியாவின் பெருந்தொழிற் பகுதிகளுள் ஒன்றாக விளங்குகின்றது.

இத்தகைய ஆலைகளில் பணிபுரியும் இளைஞருள் தமிழ்வழியிற் பயின்று பட்டயம் பெற்றோர் பலர். பொறியை இயக்குதலோடு, பொருளைச் சோதிக்கும் கணினி நிரலைப் படித்துணரும் தேவையும் இன்று அவர்க்கு நேர்கின்றது. மின்னணுப் பொருள்களைச் சோதிக்கும் நிரல்கள் பல ‘பைத்தான்’ என்னும் நிரல்மொழியில் எழுதப்படுகின்றன. அம்மொழியிற் பயிலும் சொற்களுள் ஒன்று ‘டெக்கரேட்டர்’ என்பது. இதற்குத் தமிழ் யாது என்று வினவின், நம் முதுகலை மாணாக்கர் தயங்காது ‘அணி’ என்பர். அகராதி நோக்கி அவ்வாறு கூறுதல் எளிது. ஆயின் அச்சொல்லாற் குறிக்கப்படும் பொருளை நோக்கின் அஃது ஒவ்வாமை புலனாகும். அணி என்பது அணியப்படுவதன் தன்மையை மாற்றாது அழகு செய்வது. டெக்கரேட்டரோ, தான் ஏற்ற ஒன்றின் இடத்தில் வேறொன்றை நிறுத்த வல்லது. இவ்வேறுபாட்டை உணராது சொல்லாக்கம் செய்யின், கற்போன் பொருளையும் பிழைபட உணர்வான். ஆதலின் அதன் இயல்பையும், அதனோடு பிரிக்கவொண்ணாத் தொடர்புடைய ‘இயங்குநேர அகநோக்கு’ என்பதனையும் ஈண்டு ஆராய்வாம்.

1. செயற்கூறும் இருவகைப் பெயரும்

கணிதத்தில் ‘சார்பு’ எனப்படுவதற்கு இணையாக நிரலாக்கத்தில் வழங்குவதனைத் தமிழ்நாட்டு மேனிலைக் கணினி அறிவியற் பாடநூல் ‘செயற்கூறு’ என்னும். சில கட்டளைகளை ஒருங்கு தொகுத்து, அத்தொகுதிக்கு ஒரு பெயர் இட்டு, வேண்டும் போதெல்லாம் அப்பெயரால் அழைத்துப் பயன் கொள்வதே செயற்கூறு. அழைக்குங்கால் நாம் தருவன உள்ளீடுகள்; அது திருப்பித் தருவது விளைவு.

குவிடோ வான் ரோசம் என்பார் 1991இல் முதன்முதல் வெளியிட்ட பைத்தான் மொழியில், செயற்கூறும் எண்ணைப் போலவும் சொல்லைப் போலவும் ஒரு பொருளாகவே கருதப்படும். எனவே ஒரு செயற்கூற்றை மற்றொரு செயற்கூற்றுக்கு உள்ளீடாகத் தரலாம். ஒரு செயற்கூறு வேறொரு செயற்கூற்றைத் தன் விளைவாகவும் தரலாம்.

இங்கு நுணுகி நோக்கத் தக்கது பெயர் பற்றிய செய்தி. ஒருவர்க்குத் தெருவில் வழங்கும் பெயர் ஒன்றாகவும், பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயர் வேறொன்றாகவும் இருத்தலை நாம் அறிவோம். அவ்வாறே செயற்கூற்றுக்கும் பெயர் இருவகைத்து. நிரலில் அதனை அழைத்தற்கு நாம் ஆளும் பெயர் ஒன்று. அது பிறந்தபோது பெற்றுத் தன்னுள்ளே தாங்கி நிற்கும் பெயர் மற்றொன்று. முன்னதனை அழைபெயர் என்றும், பின்னதனைத் தாங்குபெயர் என்றும் இக்கட்டுரையில் வழங்குவாம். செயற்கூற்றை வரையறுத்த அளவில் இவ்விரண்டும் ஒன்றாகவே இருக்கும். டெக்கரேட்டர் இடைப்புகும்போது இவை வேறுபடக் கூடும்.

2. டெக்கரேட்டரின் தொழில்

டெக்கரேட்டர் என்பது ஒரு செயற்கூற்றை ஏற்று, அதன் இடத்தில் நிற்றற்குரிய ஒன்றைத் திருப்பித் தருவது. அதுவும் பெரும்பாலும் ஒரு செயற்கூறே.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். மின்னணுப் பலகை ஒன்றனைச் சோதிக்க ‘மின்னழுத்தச்சோதனை’, ‘ஒலிச்சோதனை’, ‘திரைச்சோதனை’ என்னும் 3 செயற்கூறுகள் உள்ளன எனக் கொள்க. ஒவ்வொரு சோதனையும் எத்துணைக் காலம் கொண்டது என்று குறித்தல் வேண்டும். மூன்றன் உள்ளும் கடிகாரம் பார்க்கும் கட்டளைகளைப் புகுத்தின், ஒன்றையே மும்முறை எழுதியதாகும். சோதனையின் இயல்பும் கடிகாரத்தின் இயல்பும் ஒன்றோடொன்று மயங்கும். அதற்கு மாறாகக் ‘காலம்குறி’ என்னும் டெக்கரேட்டர் ஒன்றனை எழுதலாம். அது தான் ஏற்ற சோதனையைச் சூழ ‘உறை’ என்னும் புதிய செயற்கூறு ஒன்றனைச் சமைக்கும். உறை முதலிற் கடிகாரத்தை நோக்கும்; பின்னர் உள்ளிருக்கும் சோதனையை அழைக்கும்; மீண்டும் கடிகாரத்தை நோக்கி வேறுபாட்டைக் குறிக்கும்; சோதனை தந்த விளைவை மாறாது திருப்பித் தரும். மூலச் சோதனையில் ஓர் எழுத்தும் மாற்றப்படவில்லை. ஆயினும் அதன் பயன் பெருகிற்று.

2001இல் வெளிவந்த பைத்தான் 2.2ஆம் பதிப்பிலேயே இத்தகைய மாற்றங்கட்கு வழி இருந்தது. ஆயின் செயற்கூற்றை முழுதும் எழுதி முடித்த பின்னரே, அதன் கீழே மாற்றத்தைக் குறிக்க வேண்டியிருந்தது. ஒரே பெயரை மும்முறை எழுதும் இடர்ப்பாடும் நேர்ந்தது: வரையறையில் ஒருமுறை, மாற்றத்திற்குத் தரும்போது ஒருமுறை, மாற்றப்பட்டதற்கு அதே பெயரை மீண்டும் இடும்போது ஒருமுறை. இக்குறை நீங்க, 2004இல் வந்த 2.4ஆம் பதிப்பில் ‘@’ என்னும் குறியோடு டெக்கரேட்டரின் பெயரைச் செயற்கூற்றின் தலைமேல் எழுதும் முறை ஏற்கப்பட்டது.

இதன்கண் மனங்கொள்ளத் தக்கன இரண்டு. ஒன்று, டெக்கரேட்டர் செயற்படுவது செயற்கூறு அழைக்கப்படும் போதன்று. அது வரையறுக்கப்படும் போதே ஆகும். அழைக்குந்தோறும் செயற்படுவது அது சமைத்துத் தந்த உறையே. மற்றொன்று, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல டெக்கரேட்டர்கள் இருப்பின், செயற்கூற்றுக்கு அணித்தாக உள்ளது முதலிற் பொருந்தும். மகிழுந்து ஆலையின் வண்ணக் கூடத்தில் இதற்கு நேரிய உவமை உண்டு. இரும்புடலின் மேல் துருத்தடுக்கும் பூச்சு முதலிலும், வண்ணப் பூச்சு அதன்மேலும், ஒளிரும் மேற்பூச்சு இறுதியிலும் பூசப்படும். காண்பார் கண்ணுக்கு முதலிற் படுவதோ இறுதியிற் பூசியது. அங்ஙனமே அழைப்பு முதலிற் சென்று சேர்வது புறத்தே உள்ள உறையினிடத்து.

3. பெயர் மறைதல்

இனி, மேற்கூறிய எடுத்துக்காட்டில் நேரும் இடர்ப்பாட்டை நோக்குவோம். மூன்று சோதனைகளுக்கும் காலம்குறி பொருந்திவிட்டது. ‘ஒலிச்சோதனை’ என்று அழைத்தால் இப்போது மறுமொழி தருவது மூலச் சோதனை அன்று. அதனைச் சூழ்ந்த உறை. அழைபெயர் பழையது; பொருள் புதியது. ஒன்றன் இயற்பெயர் அதனோடு இயைபுடைய பிறிதொன்றற்கு ஆகிவரும் நிலை இது. தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலிலும் நன்னூலார் பெயரியலிலும் கூறிய ஆகுபெயரை இது நமக்கு நினைவூட்டும்.

ஆனால் ஆகுபெயர்க்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. உலக வழக்கில் கேட்போன் இடமறிந்து இயற்பொருளையும் ஆகுபொருளையும் பிரித்துணர்வான். பொறிக்கு அவ்வுணர்வு இல்லை. சோதனை முடிவுகளைப் பதிவு செய்யும் நிரற்பகுதி ஒவ்வொரு செயற்கூற்றையும் நோக்கி அதன் தாங்குபெயரைக் கேட்டு எழுதும் எனக் கொள்வோம். மூன்றும் ‘உறை’ என்றே விடை தரும். பதிவேட்டில், உறை தேறியது, உறை தேறவில்லை, உறை தேறியது என மூன்று வரிகள் நிற்கும். தேறாதது மின்னழுத்தமோ, ஒலியோ, திரையோ என்பது அப்பெயரால் விளங்காது. பிழை எங்கு நேர்ந்தது என்று மாலையில் வினவும் மேற்பார்வையாளர்க்கு மறுமொழி சொல்ல வேண்டியவர் அப்பொறியருகே நின்ற தொழிலாளர். பெயர் மறைந்தமையால் பொறுப்பு இடம் மாறவும் கூடும். ஆதலின் இஃது இலக்கண நயம் பற்றிய செய்தி மட்டும் அன்று.

வாகன ஆலைகள் இவ்விடர்ப்பாட்டை நன்கு அறிந்தவை. வண்டி ஒவ்வொன்றற்கும் 17 குறிகளால் ஆகிய அடையாள எண் உண்டு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அடிச்சட்ட எண்ணை வண்டியிற் பொறித்தல் வேண்டும் என விதிக்கின்றன. எத்துணைப் பூச்சுப் பூசினும், எவர் கைக்கு மாறினும், அவ்வெண் படிக்கத் தக்கதாய் நிற்றல் வேண்டும். மேற்பூச்சு உள்ளிருப்பதன் அடையாளத்தை அழித்தலாகாது என்பதே அதன் கருத்து.

4. அகநோக்கும் பாயிரமும்

நிரல் இயங்கிக்கொண்டிருக்கும் போதே, தன் உறுப்புகளின் பெயர், வகை, அமைப்பு ஆகியவற்றைத் தானே வினவி அறியும் ஆற்றல் இயங்குநேர அகநோக்கு எனப்படும். பைத்தான் மொழியில் ஒரு செயற்கூற்றை நோக்கி, உன் பெயர் யாது, நீ பிறந்த தொகுதி யாது, உன்னைப் பற்றி எழுதிய விளக்கம் யாது, நீ ஏற்கும் உள்ளீடுகள் யாவை என வினவலாம்.

தமிழ் மாணாக்கர்க்கு இது புதிய கருத்து அன்று. ஒரு நூலினுட் புகுமுன் அந்நூலைப் பற்றி அறிய வேண்டுவனவற்றைப் பாயிரம் கூறும். சிறப்புப் பாயிரத்திற்கு நன்னூல் வகுத்த எட்டுச் செய்திகளுள் சில செயற்கூற்றின் உட்குறிப்புகளோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துள்ளன. நூற்பெயர்க்கு நிகர் தாங்குபெயர். நுதலிய பொருட்கு நிகர் செயற்கூற்றின் தலைப்பில் எழுதும் விளக்கம். நூல் வழங்கும் எல்லைக்கு ஒருவாறு நிகர் அது பிறந்த தொகுதி. ஏனைய ஒவ்வா. செயற்கூறு தன்னை ஆக்கியோன் பெயரைத் தாங்குவதில்லை.

டெக்கரேட்டரால் நேர்ந்த குறையைப் பாயிரத்தின் வாயிலாகக் கூறின், உறை மூல நூலின் இடத்தில் நின்றுகொண்டு தன் பாயிரத்தையே காட்டுகின்றது என்க. இக்குறை தீர, 2006இல் வந்த 2.5ஆம் பதிப்பில் ‘ஃபங்க்டூல்ஸ்’ என்னும் தொகுதியுள் ‘ராப்ஸ்’ என்னும் கருவி சேர்க்கப்பட்டது. அது மூலச் செயற்கூற்றின் பெயர், விளக்கம், தொகுதி ஆகியவற்றை உறையின்மேற் படியெடுத்து வைக்கும். 2011இன் 3.2ஆம் பதிப்பு முதல், தான் எதனைச் சூழ்ந்துள்ளது என்னும் மூலச் சுட்டும் உறையில் வைக்கப்படுகின்றது. இது பாயிரம் கூறும் ‘வழி’ என்பதற்கு நேர். இந்நூல் எந்நூலின் வழிவந்தது என்று நூல் கூறுமாறு போல, இவ்வுறை எச்செயற்கூற்றின் வழிவந்தது என்று உறை கூறும். 2012இன் 3.3ஆம் பதிப்பில், உள்ளீடுகளை வினவும் கருவி இச்சுட்டின் வழியே சென்று மூலத்தின் உள்ளீடுகளையே விடையாகத் தரும் ஆற்றல் பெற்றது.

இவை தாமே நிகழ்வன அல்ல என்பதை வற்புறுத்திக் கூறுதல் வேண்டும். டெக்கரேட்டரை எழுதுவோன் நினைந்து ராப்ஸ் கருவியைச் சேர்த்தாலன்றி, அல்லது அச்செய்திகளைத் தானே எடுத்து வைத்தாலன்றி, மூலப் பெயர் மறைந்தே போகும்.

5. உரையாசிரியர் தரும் பாடம்

மூலப் பெயர் மறைதலின் தீமையைத் தமிழாய்வாளரினும் மிக அறிந்தார் இலர். பழைய உரையாசிரியர் மேற்கோட் செய்யுளைத் தந்துவிட்டு, நூற்பெயர் கூறாது மேலே செல்லுதல் பல இடங்களிற் காணப்படும். அவர் முன்னிருந்து பாடங் கேட்டார்க்கு அச்செய்யுள் எந்நூலது என்று கூற வேண்டிய தேவை இருந்திராது என்று யாம் கருதுகின்றோம். பின்னர் நூல்கள் மறைந்தன, மேற்கோள்கள் எஞ்சின. தகடூர் யாத்திரை இன்று முழுமையாகக் கிடைத்திலது. அதன் செய்யுட்களுட் சில புறத்திரட்டாலும் தொல்காப்பிய உரை மேற்கோள்களாலுமே எஞ்சின. மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் நூலைத் தொகுத்தற்கு எத்துணை உரைகளைத் துருவ வேண்டியிருந்தது என்பதை அந்நூலைப் பயின்றார் அறிவர்.

உரையின்றேல் அச்செய்யுட்களே இல்லை. ஆதலின் உரையாசிரியரைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. உடனிருப்போர் யாவரும் அறிவர் என்று பெயரை விடுத்தலே மறைவிற்கு வித்தாகின்றது என்பதையே கூறுகின்றோம். நிரல் எழுதுவோனும் அவ்வாறே கருதுகின்றான். ஓராண்டின் பின்னர் அவன் வேறு பணிக்குச் செல்கின்றான். நிரல் ஆலையிலேயே எஞ்சுகின்றது.

6. அகநோக்கின் எல்லை

அகநோக்குத் தரும் விடை எப்போதும் மெய் என்று கொள்ளற்க. மின்னழுத்தச்சோதனை, பலகை எண், ஏற்கத்தக்க அளவு என்னும் 2 உள்ளீடுகளை ஏற்பது எனக் கொள்வோம். ஒரு டெக்கரேட்டர், அளவைத் தானே நிரப்பிக்கொண்டு பலகை எண்ணை மட்டும் ஏற்கும் உறையைச் சமைக்கின்றது. ராப்ஸ் கருவியும் சேர்க்கப்பட்டுள்ளது. இப்போது உள்ளீடுகளை வினவின், மூலச் சுட்டின் வழிச்சென்ற கருவி 2 என்றே விடை தரும். அதனை நம்பி இரண்டைத் தந்தால் பிழை நேரும். பாயிரம் மூல நூலினது, நூலோ மாறிவிட்டது. பெயரைப் பேணுதல் கடமை. இயல்பு மாறியவிடத்து அம்மாற்றத்தை அறிவித்தலும் கடமையே.

எழுத்து வடிவால் நேரும் மயக்கமும் ஒன்றுண்டு. 2008இல் வந்த பைத்தான் 3.0 முதல், செயற்கூறுகட்குத் தமிழெழுத்துகளாலேயே பெயரிடலாம். ‘சோதனை’ என்னும் சொல்லில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம். இரட்டைக்கொம்பும் காலும் எனப் பிரித்து இரண்டாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலில் எழுதிய பெயராயின் பைத்தான் அவ்விரண்டையும் ஒருமைப்படுத்திக்கொள்ளும். இயங்குநேரத்தில் பெயரை எழுத்துச் சரமாகத் தந்து தேடும்போதோ அங்ஙனம் செய்வதில்லை. பிரித்து உள்ளிட்ட பெயர் காணப்படவில்லை என்றே விடை வரும். ஔகாரக் குறியின் வலப்பாதிக்கு மாற்றாக ளகரத்தை இட்டு எழுதும் பிழையோ எந்நிலையிலும் ஒருமைப்படாது. வண்டியின் அடையாள எண்ணில் ஐ, ஓ, கியூ என்னும் ஆங்கில எழுத்துகள் விலக்கப்பட்டிருத்தல் 1, 0 என்னும் எண்களோடு அவை மயங்கும் என்பது பற்றியே. தமிழ்ப் பெயரிடுவோர்க்கும் அத்தகைய விழிப்பு வேண்டற்பாலது.

7. சொல்லாக்கம்

இனித் தொடக்கத்து வினாவிற்கு வருவோம். டெக்கரேட்டர் என்னும் பெயர் குறித்து ஆங்கிலத்திலேயே முறைப்பாடு எழுந்தது. 1994இல் காமா முதலிய நால்வர் எழுதிய மென்பொருள் வடிவமைப்பு நூலில் அச்சொல் வேறொரு பொருளில் ஆளப்பட்டுள்ளமையே அதற்குக் காரணம். பைத்தானில் இவ்வமைப்பைச் சேர்த்தற்கு எழுதப்பட்ட 318ஆம் முன்மொழிவு அம்முறைப்பாட்டை மறைக்கவில்லை. நிரல்பெயர்ப்பிகள் தொடரின் கிளையமைப்பில் நடந்து சென்று குறிப்பெழுதும் துறை வழக்கிலிருந்தே அச்சொல் பெரிதும் வந்திருத்தல் கூடும் என்று அது விளக்குகின்றது. எனவே அச்சொல்லின் வேர்க்கருத்து அழகு செய்தல் அன்று. மூலத்தின்மேற் குறிப்பு வரைதல். அணியிலக்கணத்தினும் உரைமரபே இதற்கு அணுக்கமானது என்பது இதனால் வலியுறும்.

‘உறையாக்கி’ என்னலாமோ எனின், அதுவும் குறைவுடைத்து. டெக்கரேட்டர் யாவும் உறை சமைப்பன அல்ல. சில, செயற்கூற்றின் பெயரை ஒரு பட்டியலிற் பதிந்துகொண்டு, அதனை மாற்றமின்றி அவ்வாறே திருப்பித் தரும். உறையாக்கி என்னும் சொல் அவற்றைத் தழுவாது.

ஆதலின் ‘மேலொட்டு’ என்னும் சொல்லை யாம் முன்வைக்கின்றோம். செயற்கூற்றின் தலைமேல் எழுதி ஒட்டப்படுவது என்னும் இடவியல்பை அது காட்டும். ஒட்டு, தான் சேர்ந்த சொல்லின் தொழிலை மாற்றவும் கூடும், மாற்றாது நிற்கவும் கூடும் என்பது இலக்கணம் பயின்றார் அறிந்ததே. உறை சமைப்பதனை உறை மேலொட்டு என்றும், பதிந்து மட்டும் கொள்வதனைப் பதிவு மேலொட்டு என்றும் வகைப்படுத்தவும் அஃது இடந்தரும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், டெக்கரேட்டர் என்பது அணி அன்று என்பதும், அது மூலச் செயற்கூற்றின் இடத்தில் வேறொன்றை நிறுத்த வல்லது என்பதும், அங்ஙனம் நிறுத்துங்கால் மூலத்தின் பெயரும் வழியும் பேணப்படாவிடின் அகநோக்குத் திரிபான விடை தரும் என்பதும் பெறப்பட்டன. மேலொட்டு என்னும் சொல்லினும் சிறந்தது ஒன்றனை அறிஞர் காட்டின் மகிழ்ந்து ஏற்போம். ஆயின் சொல்லை அகராதியினின்று எடாது, பொருளின் செயலைக் கண்டறிந்து எடுத்தல் வேண்டும் என்னும் நெறியை விடற்க. ஒரகடத்துப் பொறியருகே நின்று, பதிவேட்டில் ‘உறை தேறவில்லை’ என்னும் வரியை நோக்கித் திகைக்கும் இளைஞன் நம்மிடம் பயின்ற தமிழைக் கொண்டே அதனைப் புரிந்துகொள்ள முயல்வான். அவனுக்கு ‘அணி’ என்று கற்பித்திருந்தோமாயின், உள்ளே வேறொரு பெயர் மறைந்துள்ளது என்பதை அவன் ஐயுறவும் மாட்டான்.